லைஃப் கோச்... யாருக்குத் தேவை? யாருக்குத் தேவையில்லை?

''வேலை இருக்கு, சொந்த வீடு இருக்கு, பிள்ளைங்க நல்லாப் படிக்கிறாங்க. ஆனா, ரெண்டு மாசமா காலையில எழுந்தா எதுவுமே பிடிக்கலை சார்!'' என்கிறார் ஒருவர்.

''மறுபடி வேலைக்குப் போகணும்னு பத்து வருஷமா நினைச்சுட்டிருக்கேன். எங்கே ஆரம்பிக்கறதுன்னே தெரியலை'' என்கிறார் ஓர் இல்லத்தரசி.

''தினம் நடக்கணும்னு டாக்டர் சொல்லி மூணு வருஷமாச்சு. ஷூகூட வாங்கிட்டேன். அது இன்னும் பெட்டியை விட்டு வெளியே வரலை!'' என்கிறார் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஒரு குடும்பத் தலைவர்.

இந்த மூன்று பேருக்குமே இப்போதெல்லாம் அக்கம்பக்கத்திலிருந்து ஒரே யோசனைதான் கிடைக்கிறது... ''ஒரு லைஃப் கோச்சைப் போய்ப் பாருங்களேன்!''

யார் இந்த லைஃப் கோச்? டாக்டரா, சாமியாரா, மேடையில் பேசித் தன்னம்பிக்கை ஊட்டுபவரா? மேலே சொன்ன மூவரில் யாருக்கு அவரால் பலன் உண்டு? யார் அவரிடம் போகவே கூடாது? கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். காரணம், தப்பான இடத்துக்குப் போனால் நஷ்டமாவது பணம் மட்டுமல்ல!

வண்டியில் பிறந்த வார்த்தை

ரயில் பெட்டியை 'கோச்' என்கிறோம். கிரிக்கெட் பயிற்சியாளரையும் 'கோச்' என்கிறோம். இரண்டும் ஒரே வார்த்தைதான். ஹங்கேரி நாட்டில் 'கோச்' என்றே ஒரு கிராமம் இருக்கிறது. பல நூறு வருஷங்களுக்கு முன்பு அங்கே செய்த குதிரை வண்டிகள் ஐரோப்பா முழுக்கப் பிரபலம். ஊர்ப் பெயரே வண்டிக்குப் பெயராகிவிட்டது. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்து மாணவர்கள், பரீட்சையைத் தாண்ட உதவும் ஆசிரியரைக் கேலியாக 'கோச்' என்று கூப்பிட்டார்கள். 'நம்மை ஏற்றிக்கொண்டு போய் அந்தக் கரையில் இறக்கிவிடுகிறவர்' என்ற அர்த்தத்தில்! அப்புறம் அது விளையாட்டு மைதானத்துக்குப் போனது.

மைதானத்திலிருந்து வாழ்க்கைக்கு வந்ததில் டிமோத்தி கால்வே என்ற அமெரிக்க டென்னிஸ் ஆசிரியருக்குப் பெரிய பங்கு உண்டு. 'வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற எதிராளியைவிட, நம் மனசுக்குள் இருந்து நச்சரிக்கிற எதிராளிதான் நம்மைத் தோற்கடிக்கிறான்' என்பது அவருடைய கருத்து. இதை வைத்து 1974-ல் அவர் எழுதிய புத்தகத்தை டென்னிஸ் மட்டையையே தொடாதவர்களும் வாங்கிப் படித்தார்கள்.

இங்கிலாந்தின் முன்னாள் கார் பந்தய வீரர் ஜான் விட்மோர், இதே முறையை அலுவலகங்களுக்குக் கொண்டுபோனார். 1992-ல் அவர் எழுதிய புத்தகம் இன்றும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அரிச்சுவடி மாதிரி. அதே 1992-ல் அமெரிக்காவில் தாமஸ் லியோனார்ட் என்பவர் கோச்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தார். அவர் அதற்கு முன்பு நிதி ஆலோசகர். பணத்தை எப்படி முதலீடு செய்வது என்று கேட்க வந்தவர்கள், 'இனி வாழ்க்கையை என்ன செய்வது?' என்றும் கேட்க ஆரம்பித்ததில்தான் அவருக்கு இந்தப் பொறி தட்டியது. கோச்களுக்கான சர்வதேச அமைப்பான ஐ.சி.எஃப். 1995-ல் அவர் முயற்சியில்தான் உருவானது.

அறிவுரை இல்லை... கேள்வி!

''இதெல்லாம் நம்ம தாத்தா, பாட்டி சொல்லாததா? இதுக்குப் போய்க் காசு கொடுப்பாங்களா?'' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான்.

வித்தியாசம் இங்கே இருக்கிறது. வீட்டுப் பெரியவர்கள் தருவது அறிவுரை. 'நான் சொல்றதைக் கேளு' என்பதுதான் அதன் ஆரம்பம். தவிர, உங்கள் முடிவால் அவர்களுக்கும் லாப நஷ்டம் உண்டு. மருமகள் வேலைக்குப் போனால் வீட்டில் யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை மாமியாருக்கு இருக்கத்தானே செய்யும்?

நல்ல கோச் அறிவுரை சொல்வதில்லை. கேள்வி கேட்பார். பதிலை நீங்களே கண்டுபிடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருப்பார். கண்டுபிடித்ததை எந்தக் கிழமை, எத்தனை மணிக்குச் செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். அடுத்த தடவை, ''என்ன ஆச்சு?'' என்பார். அவ்வளவுதான்!

பொதுவாக ஒரு சந்திப்பு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் இருக்கும். வாரம் ஒருமுறையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ நேரிலோ போனிலோ பேசுவார்கள். மூன்று முதல் ஆறு மாதம்வரை நீளும். ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிய விஷயம் அல்ல.

உள்ளே என்ன நடக்கிறது?

விட்மோர் பிரபலப்படுத்திய முறைக்கு நான்கு படிகள். இலக்கு என்ன, இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதைச் செய்யப் போகிறீர்கள்? ஆரம்பத்தில் பார்த்த இல்லத்தரசி ஒரு கோச்சிடம் போனால் பேச்சு எப்படி இருக்கும் என்று கற்பனை செய்து பார்ப்போம்.

''மறுபடி வேலைக்குப் போகணும் சார்.''

''என்ன வேலை மேடம்?''

''ஏதாவது ஒரு வேலை...''

''மூணு மாசம் கழிச்சு நீங்க இங்கே வந்து, 'சார், நினைச்சது நடந்துடுச்சு'ன்னு சொல்றீங்கன்னு வெச்சுக்குவோம். என்ன நடந்திருக்கும்?''

(கொஞ்ச நேரம் யோசிக்கிறார்.) ''ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல... காலையில பத்து மணியிலேர்ந்து நாலு மணிவரைக்கும் கணக்கு எழுதற வேலை. எனக்குன்னு ஒரு சம்பளம்.''

''இப்ப உங்க கையில என்ன இருக்கு?''

''பி.காம். படிச்சிருக்கேன். கல்யாணத்துக்கு முன்னால நாலு வருஷம் ஒரு கம்பெனியில அக்கவுன்ட்ஸ் பார்த்தேன். ஆனா, அப்ப ஜி.எஸ்.டி. எல்லாம் கிடையாது.''

''வேற எது தடுக்குது?''

''மாமியாருக்கு மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு போடணும். அப்புறம்... வீட்டுக்காரர்கிட்ட இன்னும் சொல்லவே இல்லை.''

''சரி, என்னென்ன செய்யலாம்?''

''கம்ப்யூட்டர் அக்கவுன்ட்ஸ் கிளாஸ் சேரலாம். தெரிஞ்ச ஆடிட்டர் ஆபீஸ்ல ஒரு மாசம் சம்பளம் இல்லாமலே உட்கார்ந்து கத்துக்கலாம்.''

''வேற?''

''மாமியாருக்கு ஹாட் பாக்ஸ்ல வெச்சுட்டுப் போகலாம். அவங்களே போட்டுச் சாப்பிடுவாங்கன்னுதான் நினைக்கிறேன். நான்தான் இதுவரைக்கும் கேட்டதே இல்லை!''

''இந்த வாரம் இதுல எதைச் செய்யப் போறீங்க?''

''கிளாஸ்ல போய் விசாரிக்கிறேன்.''

''எப்போ?''

''புதன்கிழமை. காய்கறி வாங்கப் போற வழியிலதான் இருக்கு.''

''வீட்டுக்காரர்கிட்ட?''

(சிரிக்கிறார்.) ''ஞாயித்துக்கிழமை காபி கொடுக்கும்போது சொல்லிடறேன்.''

கவனித்தீர்களா? கோச் புதிதாக ஒரு தகவலும் சொல்லவில்லை. ஆனால், பத்து வருஷமாக 'ஏதாவது ஒரு வேலை' என்று மனசில் புகையாக இருந்தது, அரை மணி நேரத்தில் புதன்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்த காரியமாக மாறிவிட்டது.

இதற்குப் பின்னால் மனவியல் உண்மையும் இருக்கிறது. 'உடற்பயிற்சி செய்வேன்' என்று பொதுவாகச் சபதம் எடுப்பதைவிட, 'காலையில் காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் ஷூ போடுவேன்' என்று நேரம், இடத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டால் காரியம் நடக்கும் வாய்ப்பு கூடுகிறது. பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மன் மனவியல் பேராசிரியரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும், இது சம்பந்தமான 94 பரிசோதனைகளைத் தொகுத்து 2006-ல் இதை உறுதிப்படுத்தினார்கள். கோச்சிங் பற்றியும் ஆய்வுகள் உண்டு. அலுவலகங்களில் கோச்சிங் பெற்றவர்களைப் பற்றிய 18 ஆய்வுகளை நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் 2014-ல் அலசினார்கள். வேலைத்திறன், மன நிம்மதி, நெருக்கடியைச் சமாளிப்பது ஆகியவற்றில் முன்னேற்றம் தெரிந்தது. இது மந்திரம் இல்லை என்றாலும் வெறும் பேச்சும் இல்லை.

யாருக்குப் பலன்?

உடம்பும் மனசும் ஓரளவு நன்றாக இருக்கிறது, ஆனால் ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டு நகர முடியவில்லை... இப்படிப்பட்டவர்களுக்குத்தான் கோச்சிங். உதாரணமாக...

* படித்துவிட்டு, வீட்டுப் பொறுப்புக்காக வேலையை விட்ட பெண்கள்.

* ரிட்டயர் ஆகப்போகிறவர்கள், புதிதாக ரிட்டயர் ஆனவர்கள். பென்ஷன் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். காலை 10 மணிக்கு என்ன செய்வது என்ற கணக்கைத்தான் போட்டிருக்க மாட்டார்கள்!

* வேலை மாறலாமா, சொந்தத் தொழில் தொடங்கலாமா என்று வருஷக்கணக்கில் ஊசலாடுகிறவர்கள்.

* புதிதாக மேனேஜர் பதவிக்கு வந்தவர்கள். நேற்றுவரை கூட உட்கார்ந்து டீ குடித்தவர்களிடம் இன்று வேலை வாங்க வேண்டுமே!

* 'என்ன செய்யணும்னு தெரியும், ஆனா செய்ய முடியலை' என்கிற சர்க்கரை, ரத்த அழுத்தக்காரர்கள். ஷூவைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாரே, அவரைப் போன்றவர்கள். இவர்களுக்காகவே 'ஹெல்த் கோச்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. நடைப்பயிற்சி, சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றை வழக்கமாக்க உதவுவதுதான் அவர் வேலை. மாத்திரையைக் குறைப்பதோ, நிறுத்துவதோ, மாற்றுவதோ டாக்டர் மட்டும்தான்! ''நான் சொல்ற டயட்டைக் கடைப்பிடிச்சா இன்சுலினே வேண்டாம்'' என்று எந்த கோச்சாவது சொன்னால், அன்றோடு அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள்.

யார் போகக் கூடாது?

இங்கேதான் ரொம்ப ஜாக்கிரதை தேவை. 'சிக்கிக்கொண்டது' வேறு, 'நோயில் விழுந்தது' வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்.

ஆரம்பத்தில், ''ரெண்டு மாசமா எதுவுமே பிடிக்கலை'' என்று சொன்னாரே ஒருவர்... அவர் முதலில் போக வேண்டியது கோச்சிடம் அல்ல, டாக்டரிடம்! இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக தினமும், நாளின் பெரும்பகுதி மனசு கனத்துக் கிடப்பது அல்லது முன்பு ரசித்த எதுவும் பிடிக்காமல் போவது... கூடவே தூக்கம் கெடுவது, பசி குறைவது, காரணமில்லாத களைப்பு, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு, சாவைப் பற்றிய எண்ணம். இவையெல்லாம் மனச்சோர்வு நோயின் அடையாளங்கள். இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

சில சமயம் கோளாறு மனசிலும் இருக்காது. தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 வைட்டமின் பற்றாக்குறை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை என்று எதுவாக இருந்தாலும் ஆளை அசத்திப் போடும். வீட்டில் எல்லோரும் 'சோம்பேறி' என்று பட்டம் கட்டிய ஒருவருக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு ரத்தப் பரிசோதனையாக இருக்கலாம்!

மனச்சோர்வில் இருப்பவரிடம் போய், ''இலக்கு வையுங்க, பாஸிட்டிவ்வா நினைங்க'' என்று சொன்னால் என்ன ஆகும்? அவரால் முடியாது. முடியாததற்கும் தன்னையே திட்டிக்கொள்வார். நோய் இன்னும் ஆழமாகும். சிகிச்சை ஆரம்பித்திருக்க வேண்டிய மாதங்கள் வீணாகும். கோச்சிங்கை மனவியல் கண்ணோட்டத்தில் ஆராய்வதற்கென்றே 2000-ல் ஒரு தனிப் பிரிவைத் தொடங்கிய நாடு ஆஸ்திரேலியா. அங்கே நடந்த ஆய்வுகளில், லைஃப் கோச்சிங் தேடி வந்தவர்களில் கணிசமானவர்களுக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வோ, பதற்றமோ இருந்தது தெரியவந்தது. 'டாக்டர்கிட்ட போனா மென்டல்னு சொல்லிடுவாங்க. கோச்சுன்னா கௌரவமா இருக்கு' என்ற எண்ணமும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கௌரவத்துக்கு உயிரை விலையாகக் கொடுக்க வேண்டாமே!

கீழே சொல்லியிருப்பவர்களுக்கும் கோச்சிங் சரிப்படாது.

* காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்பவர்களுக்கு உடனே மனநல டாக்டர் தேவை.

* குடியை விட முடியாதவர்களுக்கும் டாக்டர்தான். தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவக் கண்காணிப்பு அவசியம்.

* வீட்டில் அடி, உதை வாங்குகிற பெண்ணுக்குத் தேவை இலக்கு அல்ல, பாதுகாப்பு. பெண்களுக்கான உதவி எண் 181.

* ''எங்க பையனைக் கொஞ்சம் திருத்திக் கொடுங்க!'' என்று பெற்றோர் இழுத்துக்கொண்டு வரும் பிள்ளைகள். கோச்சிங் என்பது தானே விரும்பி வருபவருக்கு மட்டும்தான் பலிக்கும். அடுத்தவரை மாற்ற அதில் வழி கிடையாது.

மனசு தாங்கவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்றால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்க வேண்டாம். மத்திய அரசு 2022-ல் ஆரம்பித்த 'டெலி மானஸ்' சேவையின் எண் 14416. 24 மணி நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

போர்டு மாட்ட லைசென்ஸ் வேண்டாம்!

மனநல டாக்டர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் மனநலம் படித்திருக்க வேண்டும். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால், 'லைஃப் கோச்' என்று போர்டு மாட்ட நம் நாட்டில் எந்த லைசென்ஸும் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை கடை விரிக்கலாம்! அதனால் பணம் கட்டும் முன் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

1. எங்கே, எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றீர்கள்? (ஐ.சி.எஃப். அமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கே குறைந்தது 60 மணி நேரப் பயிற்சியும், 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 125 மணி நேரப் பயிற்சி, 500 மணி நேர அனுபவம்.)

2. என்னைப் போன்ற பிரச்னையுடன் வந்தவர்களிடம் வேலை செய்திருக்கிறீர்களா?

3. மொத்தம் எத்தனை சந்திப்பு, எவ்வளவு கட்டணம்? எழுதிக் கொடுப்பீர்களா? (மொத்தப் பணத்தையும் முதல் நாளே கேட்டால் யோசியுங்கள்.)

4. நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்பி வருமா?

5. நான் சொல்வது ரகசியமாக இருக்குமா? (கட்டணத்தைக் கணவரோ, கம்பெனியோ கட்டினாலும் நீங்கள் பேசியது அவர்களுக்குப் போகக் கூடாது. இதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள்.)

6. எந்த மாதிரி ஆட்களை டாக்டரிடம் அனுப்புவீர்கள்? (இதுதான் உரைகல்! ''யாரா இருந்தாலும் நானே சரி பண்ணிடுவேன்'' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.)

'21 நாளில் புது மனிதர்' என்று விளம்பரம் வந்தாலும் மயங்காதீர்கள். அந்த 21 நாள் கதை, 1960-ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பியது. முகத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று அவர் கவனித்ததுதான் விஷயம். லண்டனில் 96 பேரை வைத்து நடந்து, 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊறிப்போக சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம்! நடுவில் ஒரு நாள் தவறிப் போனாலும் குடி முழுகிவிடவில்லை என்பது அதே ஆய்வு சொன்ன நல்ல சேதி.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

கட்டணம் கொடுக்க வசதி இல்லையா? அருகில் நல்ல கோச் இல்லையா? ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பக்கத்துக்கு ஒன்றாக நான்கு கேள்விகளை எழுதுங்கள். மூன்று மாதத்தில் எது நடந்தால் எனக்குச் சந்தோஷம்? இப்போது என் நிலைமை என்ன? என்னென்ன வழிகள்? இந்த வாரம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதைச் செய்வேன்? மூன்றாவது பக்கத்தில் குறைந்தது ஐந்து வழியாவது எழுதுங்கள். முதல் இரண்டும் எல்லோருக்கும் தோன்றுபவை. 'ஹாட் பாக்ஸ்' மாதிரி நல்ல யோசனை நான்காவதாகத்தான் வரும்!

நம்பிக்கையான ஒருவரிடம் நோட்டைக் காட்டி, ''அடுத்த ஞாயித்துக்கிழமை, 'என்ன ஆச்சு?'ன்னு மட்டும் என்னைக் கேளு'' என்று சொல்லி வையுங்கள். அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை... அறிவுரை சொல்லக் கூடாது!

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவியோ, அப்பாவோ, மகனோ, ''எனக்கு ஒண்ணும் புரியலை'' என்று வந்து உட்கார்ந்தால் உடனே தீர்ப்புச் சொல்லாதீர்கள். ''நீ என்ன நினைக்கறே?'' என்று கேட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் காது கொடுங்கள். அந்த ஐந்து நிமிஷத்தில், அவர் சிக்கிக்கொண்டு நிற்கிறாரா, நோயில் விழுந்திருக்கிறாரா என்பதும் உங்களுக்குப் புரிய ஆரம்பிக்கும். முதல் வகை என்றால் நோட்டை எடுத்துக் கொடுங்கள். இரண்டாவது வகையோ என்ற சந்தேகம் துளி இருந்தாலும் டாக்டரிடம் கூடவே போங்கள்.